கொட்டைமுத்தும் சோப்புக்கட்டியும்

கொட்டைமுத்து என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஆமணக்கு என்றால் பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகம் லேசாக வருகிறது. விளக்கெண்ணெய் என்றால் யாரையோ திட்டுகிறோம் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். மூன்றும் ஒரே செடியின் சமாச்சாரம்தான். எங்கள் குளத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி, உளுந்து, பாசி, மல்லி, மிளகாய் என்று எதை விதைத்தாலும் ஓரத்தில் வரிசையாக நாலு ஆமணக்கு நிற்கும். அதற்கென்று தனியாக உழவு கிடையாது, உரம் கிடையாது. புரட்டாசி, ஐப்பசியில் விழுகிற மழையை வேரில் பிடித்துக்கொண்டு மாசி, பங்குனி வரைக்கும் தெம்பாக நிற்கும்.

ஓரத்தில் நட்டதற்கு ஒரு காரணம் உண்டு. பருத்தியையும் மிளகாயையும் தின்ன வருகிற புரொடீனியாப் புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு ஆமணக்கு இலை என்றால் உயிர். முட்டையை அங்கே இட்டுவிடும். அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் உள்ளே இருக்கிற வெள்ளாமை தப்பிக்கும். இப்போது வேளாண்மைத் துறைக்காரர்கள் இதைப் 'பொறிப்பயிர்' என்கிறார்கள். எங்கள் தாத்தாவுக்கு அந்தச் சொல் தெரியாது. செய்வது மட்டும் தெரியும்.

காய்ந்த குலைகளை அறுத்து வந்து களத்தில் பரப்பினால் உச்சி வெயிலுக்குப் பட் பட்டென்று வெடித்து முத்து தெறிக்கும். சிறுவர்கள் நாங்கள் தெறித்ததைப் பொறுக்குவோம். முத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மாட்டு மடியில் ஒட்டியிருக்கிற உண்ணி மாதிரியே இருக்கும். பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். இந்தச் செடிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரான 'ரிசினஸ்' என்பது லத்தீன் மொழியில் உண்ணியைக் குறிக்கும் சொல்லாம். ரோமாபுரிக்காரனுக்கும் நம்ம ஊர்ச் சிறுவனுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

எண்ணெய் எடுக்கிற வேலை ஆச்சியுடையது. முத்தை லேசாக வறுத்து, உரலில் போட்டு இடித்து, பெரிய பானைத் தண்ணீரில் கொதிக்கவிடுவாள். எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை அகப்பையால் வழித்து இன்னொரு சட்டியில் ஊற்றி, ஈரம் போகிற வரைக்கும் மறுபடி காய்ச்சுவாள். சடசடவென்று வெடிக்கிற சத்தம் நின்றால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டுக்குள் எங்களை விடமாட்டாள். "பச்சை முத்தை எவனாவது வாயில போட்டியோ, தொலைச்சுப் போடுவேன்" என்பாள். அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. பச்சை முத்தில் ரைசின் என்கிற கடுமையான நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது. சூட்டில் கெட்டும் போய்விடும். மிச்சம் நிற்பது புண்ணாக்கில்தான். அதனால்தான் ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு உரமாகப் போட்டார்கள். கொல்லையில் ஆமணக்கு வைத்திருக்கிறவர்கள், பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற வீடாக இருந்தால், இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த எண்ணெய் எத்தனை வேலை பார்த்தது! பெயரே சொல்கிறது, மண்ணெண்ணெய் வருமுன் விளக்குக்கு அதுதான். வைக்கோலை எரித்த கரியோடு குழைத்தால் வண்டி அச்சுக்கு மை. துவரம்பருப்பில் தடவி வைத்தால் வண்டு அண்டாது. தோல் செருப்பு வெடிக்காமல் இருக்க அதுதான். எங்களுக்குப் பேதிக்குக் கொடுத்ததும் அதுதான். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை கசக்கிறது. சீமையிலும் இதற்கு மவுசு இருந்திருக்கிறது. முதல் உலகப்போரில் பறந்த பல விமானங்களின் எஞ்சினுக்கு மசகு எண்ணெயாக ஊற்றியது விளக்கெண்ணெயைத்தான். மோட்டார் எண்ணெய் விற்கிற காஸ்ட்ரால் என்ற பெயர்கூட 1909-ல் விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரை வைத்து உண்டானதுதான்.

இத்தனை வேலை பார்த்த எண்ணெயை எங்கள் ஆச்சி ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. சோப்பு செய்ய. அந்தக் காலத்தில் குளிக்க அரப்பு, சீயக்காய். துணிக்கு உவர்மண். சலவைத் தொழிலாளர் வீடுகளில் உவர்மண்ணில் நனைத்த துணி வெள்ளாவியில் வேகும். பிறகு கடைக்குச் சவுக்காரம் வந்தது, வெட்டி விற்கிற பார் சோப்பு வந்தது. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். அழுக்கை எடுக்கும். ஆனால் எண்ணெயை அப்படியே சோப்பாக மாற்ற அதற்குத் திராணி போதாது. அதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும். அது நம் கிராமங்களில் கிடையாது. இன்றைக்கு அந்தக் காஸ்டிக் சோடா நம்ம மாவட்டத்திலேயே ஆறுமுகநேரிப் பக்கம் சாகுபுரத்தில் உப்பிலிருந்து தயாராகிறது. கடல் பக்கம் வைப்பாறு, வேம்பார் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வாயில் போடுகிற உப்பிலிருந்து கையை அரிக்கிற காஸ்டிக் சோடா பிறக்கிறது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் மதினிக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அண்ணன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். கட்டையில் குச்சி அடுக்கியிருக்கிறார், வீட்டில் பெட்டி ஒட்டியிருக்கிறார். கைவேலை குறைந்து மெஷின் வந்தபிறகு நாலு வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்துக் காலம் தள்ளினார். சோப்புப் பொடியில் நாள் முழுக்க ஊறிய கை. விரல் மடிப்பெல்லாம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. எங்கள் ஊர்க் கரிசல் கோடையில் எப்படி வெடித்துக் கிடக்குமோ அப்படி. ஆடிக் காற்று அடித்தால் ரத்தம் கசியும். சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். களிம்பு எழுதிக் கொடுத்தார். அதோடு, துவைக்கிற பொடியில் கையை வைக்காதீர்கள், குளிக்க மென்மையான சோப்பு போடுங்கள், கை ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி கேட்டார்: "தம்பி, எண்ணெயும் தடவணும், சோப்பும் போடணும்னு சொல்லுதாக. சோப்பையே விளக்கெண்ணெயில செஞ்சுட்டா ரெண்டும் ஒண்ணாப் போயிருமில்ல?"

கேள்வி நியாயமாகப் பட்டது. நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் 34 வருஷம் தராசு முன்னால் நின்றவன். சோப்பு செய்வது அடுப்பு வேலையைவிட அதிகமாக எடை வேலை என்பது, அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஓய்வு பெற்றவனுக்குத் தோதான வேலை. இறங்கிவிட்டோம்.

அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் செய்கிற முறை இது. எண்ணெயும், தண்ணீரில் கரைத்த காஸ்டிக் சோடாவும் சேர்ந்து தங்களுக்குள் உண்டாகும் சூட்டிலேயே சோப்பாகின்றன. ஒவ்வொரு எண்ணெயும் தனக்கென்று ஒரு அளவு காஸ்டிக் கேட்கும். தேங்காய் எண்ணெய் 100 கிராமுக்குச் சுமார் 18.3 கிராம். பாமாயில் 100 கிராமுக்குச் சுமார் 14.1. விளக்கெண்ணெய் 100 கிராமுக்குச் சுமார் 12.8 தான். எல்லா எண்ணெயும் எண்ணெய்தானே என்று தேங்காய் எண்ணெய்க் கணக்கை விளக்கெண்ணெய்க்கும் போட்டால், நூற்றுக்கு ஐந்தரை கிராம் காஸ்டிக் மிச்சம் நின்று தோலை அரித்துவிடும். லிட்டர் கணக்கும் இதில் ஆகாது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 920 கிராம் சொச்சம் நிற்கும். விளக்கெண்ணெய் கனமானது, 960 கிராம் நிற்கும். ஆகவே படியையும் டம்ளரையும் ஒதுக்கிவிட்டுக் கிராம் காட்டுகிற தராசில்தான் எல்லாம், தண்ணீர் உட்பட.

முழுக்க விளக்கெண்ணெயில் செய்ய வேண்டும் என்பது மதினியின் ஆசை. புத்தகங்கள் ஐந்து முதல் பத்து சதவீதம் போதும் என்றன. புத்தகம் சொல்கிறது என்றால் மதினி ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. "செஞ்சு பாப்போம் தம்பி. கண்ணுக்குத் தெரிஞ்சா கேட்டுக்கிடுதேன்" என்றார். நாலு தட்டாகச் செய்தோம். எல்லாவற்றிலும் பாதி தேங்காய் எண்ணெய். மீதியில் விளக்கெண்ணெய் ஒன்றில் சுத்தமாக இல்லை, ஒன்றில் 5 சதவீதம், ஒன்றில் 10, ஒன்றில் 25. குறைவதைப் பாமாயிலால் நிரப்பினோம். தட்டின் அடியில் கரியால் கோடு போட்டு அடையாளம் வைத்தோம்.

கிளறும்போதே வித்தியாசம் தெரிந்தது. எண்ணெயும் காஸ்டிக் தண்ணீரும் சேர்ந்து தோசைமாவுப் பதத்துக்கு வரவேண்டும். கரண்டியால் மேலே கோடு இழுத்தால் உடனே அழியாமல் நிற்க வேண்டும். விளக்கெண்ணெய் கூடக்கூட அந்தப் பதம் சீக்கிரம் வந்தது. கெட்டியானபிறகு துண்டு போட்டு, காற்றோட்டமான இடத்தில் ஆறு வாரம் காய வைத்தோம். அந்த ஆறு வாரம் மதினிக்கு ஆறு மாசமாகத் தெரிந்தது. தினமும் வந்து மோந்து பார்ப்பார்.

பிறகு எங்கள் போர் தண்ணீரிலேயே சோதித்தோம். குளத்தூர்ப் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் வாங்குகிற நல்ல சோப்பே நுரைக்காமல் திரிதிரியாகத் தலையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுவதுதான் அது. தேங்காய் எண்ணெய் சோப்பு மட்டும் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். கப்பல்காரர்கள் கடல் தண்ணீரில் குளிக்க அந்தச் சோப்பைத்தான் வைத்திருந்தார்களாம்.

விளக்கெண்ணெய் இல்லாத கட்டி சடாரென்று பெரிய பெரிய நுரையாகக் கிளம்பியது. கையைத் திருப்புவதற்குள் அடங்கிவிட்டது. 5 சதவீதக் கட்டியில் நுரை கொஞ்சம் நின்றது. 10 சதவீதக் கட்டியில்தான் விசேஷம். நுரை பொடிசாக, பசும்பால் கறக்கும்போது செம்பில் நிற்குமே, அந்த மாதிரி நின்றது. முகம் கழுவி முடிக்கிற வரைக்கும் கையில் இருந்தது. மதினி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். 25 சதவீதக் கட்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஆறு வாரம் கழித்தும் பெருவிரலை அமுக்கினால் ரேகை விழுந்தது. பிசுபிசுவென்று இருந்தது. சோப்பு டப்பாவில் நாலு நாள் வைத்தால் கூழாகக் கரைந்து போயிற்று. நுரையும் ஒன்றும் அதிகம் இல்லை.

ஏன் இப்படி என்று படித்துப் பார்த்தேன். விளக்கெண்ணெயில் 85 முதல் 90 சதவீதம் வரைக்கும் ரிசினோலிக் அமிலம் என்ற ஒன்றே இருக்கிறது. நம் அடுப்படியில் இருக்கிற வேறெந்த எண்ணெயிலும் அது கிடையாது. மற்ற எண்ணெய்களின் அமிலம் ஒரு நீண்ட சங்கிலி என்றால், இதன் சங்கிலி நடுவில் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிற ஒரு கொக்கி கூடுதலாக இருக்கிறது. அதனால்தான் இந்த எண்ணெய் இவ்வளவு கொழகொழப்பாக இருக்கிறது. சாராயத்தில் கரைகிற எண்ணெய் இது ஒன்றுதான் என்று சொல்லுமளவுக்கு மற்றவற்றிலிருந்து வேறுபட்டும் நிற்கிறது. அந்தக் கொக்கி சோப்பிலும் இருக்கும். சோப்பு தண்ணீரில் சுலபமாகக் கரையும், நுரைக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அளவோடு இருந்தால் நுரை நிலைக்கும். அளவு மீறினால் கட்டியே நிலைக்காது. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற சோப்பு செய்கிறவர்கள் விளக்கெண்ணெயை அதிகமாகச் சேர்ப்பதும் இந்தக் கரையும் குணத்துக்காகத்தான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே விளக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தோடு சேர்த்து 'துருக்கிச் சிவப்பு எண்ணெய்' என்று ஒன்று செய்து, பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்படுத்தினார்கள். கடின நீரிலும் அது திரியாது. நம் காட்டுப் பருத்தியும் அதன் ஓரத்தில் நின்ற ஆமணக்கும் சாயப்பட்டறையில் மறுபடி சந்தித்திருக்கின்றன.

நாங்கள் கடைசியில் நிலைநிறுத்திய கணக்கு இது. தேங்காய் எண்ணெய் 500 கிராம், பாமாயில் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். மூன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டால் காஸ்டிக் சோடா 91.5, 56.4, 12.8, ஆக 160.7 கிராம் வருகிறது. முழுசாகப் போடக்கூடாது. ஐந்து சதவீதம் குறைத்து 152 கிராம் போட வேண்டும். அப்போதுதான் காஸ்டிக் மிஞ்சாமல் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி நிற்கும். தண்ணீர் 320 கிராம். போர் தண்ணீர் ஆகாது, பேட்டரிக்கு ஊற்றுகிற வாலைவடிநீர் வாங்கிக்கொள்வோம்.

எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். போட்டவுடன் தண்ணீர் கை வைக்க முடியாத சூடாகும், நெடி கிளம்பும். ஆகவே வெளியில் வைத்துச் செய்ய வேண்டும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. காஸ்டிக் அதை அரித்துத் தீப்பிடிக்கிற வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது கனமான பிளாஸ்டிக். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மேலே பட்டால் யோசிக்காமல் ஓடுகிற தண்ணீரில் ரொம்ப நேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்தில் மட்டுமே நாங்கள் இந்த வேலையை எடுப்போம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை என்று நான் சொன்னால் மதினி சிரிப்பார்.

மதினியோடு தெருவில் இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தவர்கள். குச்சியை ஒன்றுபோல அடுக்கிப் பழகிய கைகள். சோப்பைத் துண்டு போட்டால் அளவெடுத்த மாதிரி இருக்கும். சொந்த வீட்டுக்கு என்று ஆரம்பித்தது, சொந்தக்காரர் வீடுகளுக்கும் போயிற்று. ஆறேழு மாதத்தில் எங்கள் சோப்பு டவுன் வரைக்கும் பேச்சாகிவிட்டது.

அப்போதுதான் ஒரு வியாபாரி வந்தார். மரியாதையானவர்தான். மாதம் ஐந்நூறு கட்டி எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் தருகிறேன் என்றார். மதினிக்கு அது சின்னத் தொகை இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். பாத்திரம் துலக்குகிற வேலைக்கு இனிமேல் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு வருமானமே நின்றுபோன வீடு. எல்லாருக்கும் சந்தோஷம்தான். வியாபாரி ஒரு அட்டைப் பெட்டியின் மாதிரியைக் காட்டினார். மேலே ஆமணக்கு இலைப் படம். 'சுத்தமான விளக்கெண்ணெய் சோப்பு' என்று பெரிதாக எழுதி, கீழே 'கை கால் வெடிப்பு, சொறி, படை தீரும்' என்று போட்டிருந்தது.

நான் கொஞ்சம் தயங்கித்தான் பேசினேன். பத்து சதவீதம் விளக்கெண்ணெய் போட்டதைச் சுத்தமான விளக்கெண்ணெய் சோப்பு என்று சொல்ல முடியாது. அதோடு, அந்தப் பத்து சதவீதமும் இப்போது விளக்கெண்ணெயாக இல்லை. காஸ்டிக்கோடு சேர்ந்து அது சோப்பாகிவிட்டது. மாவைத் தோசையாகச் சுட்டபிறகு அதில் மாவைத் தேடுகிற மாதிரிதான். மிஞ்சி நிற்பது நாம் குறைத்துப் போட்ட காஸ்டிக்கால் மாறாமல் விட்ட கொஞ்சம் எண்ணெய். அதுவும் எல்லா எண்ணெயும் கலந்தது. கழுவும்போது பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விடும். சோப்பின் வேலை கழுவுவது. வெடிப்பை ஆற்றுவது அதன் வேலை இல்லை.

சட்டமும் இருக்கிறது. குளிக்கிற சோப்பை விற்பதற்காகச் செய்தால் அது அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும். 1940-ஆம் வருஷத்து மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 2020-ல் தனி விதிகளே வந்திருக்கின்றன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு இடம், சாமான், படித்த ஆள் எல்லாம் காட்ட வேண்டும். சொறி படை தீரும் என்று எழுதினால் அது மருந்தென்றே ஆகிவிடும். வியாபாரி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, எல்லாரும் இப்படித்தானே செய்தாங்க. கைவெடிப்பு உள்ள அம்மா ஒருத்தங்க செஞ்ச சோப்புன்னு சொன்னாலே போதும், அவங்க கையை ஒரு போட்டோ எடுத்துப் போடுவோம். முன்ன இருந்தது, இப்ப இருக்கது" என்றார்.

நான் மதினியைப் பார்த்தேன். இது அவர் வீட்டுப் பிரச்சினை, அவர் மகளுடைய பீஸ். நான் பென்ஷன் வாங்குகிறவன். நியாயம் பேசுவது எனக்குச் சுலபம். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மதினி இரண்டு கையையும் விரித்து வியாபாரி முன்னால் நீட்டினார். பழைய பாளங்கள் மூடியிருந்தன. ஆனாலும் விரல் மடிப்பில் கோடுகள் செக்கச்செவேலென்று இருக்கத்தான் செய்தன. "ஐயா, எங்கை கொள்ளாம்தான். சோப்பாலேயா கொள்ளாம்? பவுடர்ல கை வைக்கத விட்டேன். ராத்திரி எண்ணெய் தடவி, பழைய துணியக் கையில சுத்திக்கிட்டுப் படுக்கேன். டாக்டரம்மா குடுத்த மருந்தப் போட்டேன். எல்லாஞ் சேந்துதான். இன்னமும் ஆடி வந்தா வெடிக்கும். என்னய மாதிரி கை வெடிச்ச ஒருத்தி இந்தப் படத்தப் பாத்து, மருந்த விட்டுட்டு இத வாங்கிப் போட்டான்னா?" என்று கேட்டார்.

வியாபாரி பதில் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று போனார். அப்புறம் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி மதினி தூங்கியிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். மற்ற மூன்று பெண்களில் ஒருவர் பத்து நாள் எங்களோடு பேசவில்லை. வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள் என்று கோபம். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஐந்நூறு கட்டி என்பது நாலு குடும்பத்துக்கு மாதச் சம்பளம்.

இப்போது நிலைமை என்ன என்றால், குளிக்கிற சோப்பு எங்கள் வீடுகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் மட்டும். விற்பனைக்கு மதினி வேறு வேலை பார்க்கிறார். ஆச்சியின் கொட்டைமுத்து எண்ணெயைத் திரும்ப எடுத்துவிட்டார். பக்கத்துக் காடுகளில் மக்காச்சோளம் வந்தபிறகு ஓரத்து ஆமணக்கு குறைந்துவிட்டது. அங்கங்கே நிற்பதைக் கேட்டு வாங்கி, வறுத்து, இடித்து, காய்ச்சி, விளக்குக்கும் பருப்புக்குப் பூசவும் கொடுக்கிறார். ஐந்நூறு கட்டி அளவுக்கு வரும்படி இல்லை. மகளுடைய இந்த வருஷ பீஸுக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம். மகளிர் குழு மூலமாக உரிமம் வாங்க முடியுமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பொழுதுபோகாமல் இருந்த எனக்குப் பைல் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை கிடைத்திருக்கிறது.

அரசாங்கமே சோப்பு செய்த நாடு இது. மைசூரில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது தொடங்கிய சோப்புத் தொழிற்சாலை இன்றைக்கும் நடக்கிறது. யுத்தத்தால் வெளிநாட்டுக்குப் போக முடியாமல் தேங்கிய சந்தனக்கட்டையை என்ன செய்வது என்ற யோசனையில்தான் அவர்கள் சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கினார்கள். அந்த எண்ணெயிலிருந்துதான் சோப்பும் வந்தது. அவரவர் மண்ணில் விளைவதை வைத்து யோசித்திருக்கிறார்கள். கரிசலில் விளைகிற முத்துக்கும் ஒரு காலம் வராமலா போகும்?

நம் பக்கத்து வாசகர்கள் யாராவது வீட்டில் சோப்பு செய்து பார்க்க விரும்பினால் மேலே உள்ள கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் போடுகிற எண்ணெய் வேறாக இருந்தால் அதற்குரிய காஸ்டிக் கணக்கைப் பார்த்து மறுபடி போடுங்கள், என் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். விளக்கெண்ணெய் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி விளக்கெண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் குளியலறை மாடத்தில் வையுங்கள். கை கழுவியபின் ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டு எடுத்துத் தடவிக்கொள்ளுங்கள். என் மதினி இப்போது அதைத்தான் செய்கிறார். போன வாரம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மதினி அவளுக்குச் சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் கொடுத்ததை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன்.